கதவில் ஒட்டிய பேங்க் நோட்டீஸ்: கையில் வாங்காவிட்டாலும் 60 நாள் ஓடுமா?

முலுண்ட் வாசி · ஆகஸ்ட் 3

எல்லோருக்கும் வணக்கம். அம்மன் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தோம். நேற்று காலையில் வந்து இறங்கினால் கதவில் தாள் ஒட்டியிருக்கிறது, ஒன்று இங்கிலீஷ், ஒன்று மராத்தி. வாட்ச்மேனைக் கேட்டால், ஜூலை 22 அன்று இரண்டு பேர் வந்து ஒட்டிவிட்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்களாம். பத்து நாள் அந்த மாடியில் ஏறி இறங்கிய அத்தனை பேரும் படித்திருப்பார்கள். சொசைட்டி செக்ரட்டரி மராத்திப் பேப்பரில் வந்ததையும் வெட்டி எடுத்து வைத்திருந்தார், நல்ல எண்ணத்தில்தான். அப்பா அதோடு வெளியே தலைகாட்டவில்லை.

விவரம் இது. 2016இல் 32 லட்சம் ஹோம் லோன். அப்பா பெயரில், நான் கூட்டுக் கடனாளி. இஎம்ஐ 29,800, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி. எனக்கு வேலை போனதால் மார்ச்சிலிருந்து தடுமாற்றம். மே மாதம் மட்டும் ஒரு தவணையைக் காட்கோபர் கிளையில் ரொக்கமாகக் கட்டினேன். நோட்டீஸில் ஜூலை 4 தேதி போட்டு, 60 நாளுக்குள் 24 லட்சத்துக்கு மேல் மொத்தமாகக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

தபாலில் எதுவும் வரவில்லை. கேட்டால் பழைய கோலிவாடா வாடகை வீட்டுக்கு அனுப்பினார்களாம். எங்களுக்குத் தெரியாமல் அனுப்பிய நோட்டீஸ் செல்லுமா? நாலைந்து மாதப் பாக்கிக்கு 24 லட்சம் என்பது தப்பா அடித்ததா? 60 நாள் எப்போதிலிருந்து கணக்கு?

சயான் சரவெடி

பாஸ், ஒன்றும் பயப்படாதீர்கள். கையெழுத்துப் போட்டு வாங்காதவரை நோட்டீஸே கிடையாது. தபால்காரர் வந்தால் கதவைத் திறக்காதீர்கள். அப்புறம் சிவில் கோர்ட்டில் ஒரு ஸ்டே வாங்கிப் போடுங்கள், வருஷக்கணக்கில் ஓடும்.

செம்பூர் பழைய பேங்கர்

மேலே இருக்கும் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள் தம்பி. 31 வருஷம் பேங்கில் இருந்தவன், கடைசி ஆறு வருஷம் இதே கடன் வசூல் பிரிவில். கதவைத் திறக்காதவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

முதலில் அது எந்த நோட்டீஸ் என்று பாருங்கள். கதவில் எது ஒட்டினாலும் நம் ஆட்கள் ஜப்தி நோட்டீஸ் என்று சொல்லிவிடுவார்கள். 13(2), அதாவது 13ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, என்று இருந்தால் அது பணம் கேட்கும் டிமாண்ட் நோட்டீஸ்தான், வீடு இன்னும் உங்களிடமே இருக்கிறது. 13(4) என்று இருந்தால் சுவாதீன நோட்டீஸ், வீட்டைப் பேங்க் தன் பொறுப்பில் எடுக்கிறது என்று அர்த்தம். கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க பேங்குக்கு வழி தரும் 2002ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்யக்கூடியது வேறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 13(2) மாதிரி தெரிகிறது.

24 லட்சம் தப்பில்லை. தவணை 90 நாளைத் தாண்டினால் கணக்கு என்பிஏ, அதாவது வாராக்கடன், ஆகிவிடும். அதன்பின் பாக்கியை மட்டும் கேட்காமல் முழுக் கடனையும் திருப்பிக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி, அசலும் வட்டியுமாகத் தவறிய தவணைகளின் நிலுவை முழுவதையும் கட்டினால் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். 2021 நவம்பரில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். பாதி நிலுவை கட்டினால் திரும்பாது. அதனால் 24 லட்சத்தைப் பார்த்து மலைக்காதீர்கள், நிலுவைத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

60 நாள்: சட்டத்தின் வார்த்தை ‘நோட்டீஸ் தேதியிலிருந்து’. உங்கள் கணக்கில் செப்டம்பர் 2. எனக்குக் கிடைத்ததே ஆகஸ்டில்தான் என்று பிற்பாடு வாதாடலாம். காலண்டரில் குறிக்க வேண்டியது செப்டம்பர் 2.

இன்னொன்று. அந்த நோட்டீஸில் எந்தத் தேதியில் என்பிஏ ஆனது என்று போட்டிருப்பார்கள். அதைச் சொல்லுங்கள். மே மாதம் கட்டிய ரசீது இருக்கிறதா?

முலுண்ட் வாசி

13(2)தான் சார். என்பிஏ தேதி ஜூன் 4. ரசீதைத் தேட வேண்டும். அப்பா எதையும் பஞ்சாங்கத்துக்குள்தான் வைப்பார்.

ஃபோர்ட் குமாஸ்தா

வக்கீல் ஆபீசில் இருபது வருஷமாக ஃபைல் சுமப்பவன் நான். நோட்டீஸ் செல்லுமா என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

கடனாளி வசிக்கும் இடத்துக்கோ தொழில் செய்யும் இடத்துக்கோ ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், ஸ்பீட் போஸ்ட், கூரியர், இமெயில் என்று எதில் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆள் நழுவுகிறார், அல்லது தபால் மூலம் சேர்க்க முடியவில்லை என்றால் வீட்டு வெளிக்கதவில் ஒட்டி, இரண்டு முக்கியப் பேப்பரில் போட வேண்டும். அதில் ஒன்று அந்த வட்டார மொழியில் இருக்க வேண்டும். மும்பையில் வட்டார மொழி மராத்தி. அப்பா தமிழ்ப் பேப்பர் மட்டும்தான் படிப்பார் என்பதைக் கோர்ட் கேட்டுக்கொள்ளாது. போட்டோ எடுத்ததும் அதற்குத்தான், ஒட்டியதற்கு ஆதாரம்.

சரியான முகவரிக்குப் பதிவுத் தபால் போயிருந்தால் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்க மறுத்தால் அதுவும் வாங்கிய கணக்கு. அதனால்தான் ‘கதவைத் திறக்காதே’ வேலைக்கு ஆகாது. உங்கள் விஷயத்தில் பழைய முகவரிக்குப் போனது பேங்கின் தப்பா என்றால், லோன் பத்திரத்தைப் பாருங்கள். முகவரி மாறினால் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். தெரிவித்தீர்களா?

ஆனால் ஒன்று உங்கள் பக்கம் இருக்கிறது. கடனாளிகள் பலர் என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நோட்டீஸ் சேர வேண்டும். உங்கள் பெயருக்குத் தனியாக வந்ததா என்று கேளுங்கள்.

சிவில் கோர்ட் ஸ்டே பற்றி: இதே சட்டத்தின் 34ஆம் பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது. போக வேண்டிய இடம் டிஆர்டி, அதாவது கடன் மீட்புத் தீர்ப்பாயம். அதுவும் இப்போது முடியாது. 13(4) நடவடிக்கை எடுத்த பிறகுதான், அதிலிருந்து 45 நாளுக்குள். ஆரம்பத்தில் அங்கே போக வேண்டுமென்றால் கேட்ட தொகையில் 75 சதவீதம் கட்டிவிட்டு வா என்று இருந்தது. 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது. தெரியாமல் இன்னமும் பயந்துகொண்டு போகாதவர்கள் இருக்கிறார்கள்.

முலுண்ட் வாசி

ஆதாரில் மாற்றினேன், கேஸ் கனெக்‌ஷனில் மாற்றினேன், ரேஷன் கார்டில் மாற்றினேன். பேங்கில் மாற்றவில்லை. அந்த பேங்க் கொடுத்த லோனில் வாங்கிய வீட்டுக்கே குடிவந்தோம், அவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்துவிட்டேன். எஸ்எம்எஸ்ஸும் அப்பாவின் பழைய நம்பருக்குப் போயிருக்கிறது.

ரசீது கிடைத்தது. மே 12.

செம்பூர் பழைய பேங்கர்

நல்லது. இப்போது கணக்குப் போடுங்கள். கட்டும் பணம் மிகப் பழைய பாக்கிக்குத்தான் போக வேண்டும். மே 12 பணம் மார்ச் தவணைக்குப் போயிருந்தால், மிகப் பழைய பாக்கி ஏப்ரல் 5. அதிலிருந்து 90 நாள் ஜூலை 4. அப்படியானால் ஜூன் 4 அன்று உங்கள் கணக்கு என்பிஏ ஆகியிருக்கவே முடியாது. நோட்டீஸ் தேதியன்றுகூட 90 தாண்டவில்லை! அந்தப் பணத்தை லோனில் ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதை எழுதிக் கொடுங்கள். 13(3ஏ) என்று ஒரு உட்பிரிவு, நம் ஆட்கள் பத்துக்கு ஒன்பது பேர் பயன்படுத்துவதில்லை. 60 நாளுக்குள் ஆட்சேபம் எழுதினால், ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று 15 நாளுக்குள் பேங்க் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட ஆத்தரைஸ்டு ஆபீசர் பெயருக்கே எழுதுங்கள். ஒரு காப்பி ஸ்பீட் போஸ்ட்டில், ஒன்று நேரில் கொடுத்து ‘பெறப்பட்டது’ சீல் வாங்கி. போனில் பேசியது பேச்சில் சேராது.

அப்புறம், பதற்றத்தில் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கிளம்பாதீர்கள். 13(2) நோட்டீஸுக்குப் பிறகு பேங்கின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அது முடியாது. சம்மதம் வாங்கி நீங்களே விற்பது ஏலத்தைவிட நல்லது, அது வேறு விஷயம்.

டோம்பிவிலி அக்கா

தம்பி, நான் இந்த வழியில் கடைசிவரை போய்வந்தவள், அதனால் சொல்கிறேன். எங்களுக்கு டிமாண்ட் நோட்டீஸ் வந்தபோது இவர் அலமாரியில் வைத்துவிட்டார், என்னிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்தது சுவாதீன நோட்டீஸ். கதவில் ஒட்டி, ஏழு நாளுக்குள் இரண்டு பேப்பரில் போட்டார்கள். அது காகிதத்தில் எடுக்கிற சுவாதீனம்தான், நாங்கள் உள்ளேதான் குடியிருந்தோம். அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தோம். ஆளை வெளியேற்ற மாஜிஸ்திரேட்டிடம் தனியாக உத்தரவு வாங்குவார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பிறகு 30 நாள் அவகாசம் கொடுத்து விற்பனை நோட்டீஸ் வந்தது. ஏலத் தேதிக்குள் பணம் புரட்டினால் போதும் என்று என் நகை, அண்ணன் கொடுத்தது எல்லாம் சேர்த்து இரண்டு நாள் முன்னால் கொண்டுபோனோம். வாங்க மாட்டோம் என்றார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். ஏல விளம்பரம் வெளியாகும் வரைதான் முழுப் பணத்தையும் கட்டி வீட்டை மீட்கிற உரிமை, ஏலம் நடக்கும் நாள் வரை இல்லை. 2023இல் சுப்ரீம் கோர்ட்டும் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் அதையே சொல்லியிருக்கிறது என்று வக்கீல் காட்டினார். பையில் பணத்தை வைத்துக்கொண்டு லோக்கல் ட்ரெயினில் திரும்பி வந்தோம்.

உங்களுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது. அப்பாவிடம் பேசுங்கள். மாடியில் எல்லோரும் படித்துவிட்டார்கள் என்பதை ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள்.

சயான் சரவெடி

சரி, நான் சொன்னது தப்பு. என் மச்சான் அப்படிச் செய்தான், அவன் வீடு என்ன ஆனது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

முலுண்ட் வாசி · ஆகஸ்ட் 29

கேட்டவர்களுக்காக. ஆகஸ்ட் 6 அன்று ஆட்சேபக் கடிதம் கொடுத்தேன், ரசீது நகலோடு. கவுன்டரில் சீல் போட முதலில் மறுத்தார்கள், ஸ்பீட் போஸ்ட் சீட்டைக் காட்டியதும் போட்டார்கள். 12ஆம் நாள் பதில் வந்தது. மே மாதப் பணம், எதில் சேர்ப்பது என்று தெரியாத பணத்தைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் கிடந்ததாம், இப்போது லோனில் ஏற்றிவிட்டார்களாம். அதனால் ஜூலை 4 நோட்டீஸை வாபஸ் வாங்குகிறோம், ஆனால் ஜூலை 5 முதல் கணக்கு என்பிஏதான், நிலுவையைக் கட்டாவிட்டால் புது நோட்டீஸ் வரும் என்று எழுதியிருந்தார்கள்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து தவணை, 1,49,000. அபராதக் கட்டணம் தனி. மனைவியின் வளையலை அடகு வைத்து மொத்தத் தொகையையும் நேற்றுக் கட்டிவிட்டேன். வேலை செப்டம்பரில் சேர்கிறேன், சம்பளம் முன்பைவிடக் குறைவு.

செம்பூர் பழைய பேங்கர்

நல்ல செய்தி. கணக்கு ஸ்டாண்டர்டு ஆகிவிட்டது, இனி என்பிஏ இல்லை என்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். முகவரி?

முலுண்ட் வாசி

கொடுத்துவிட்டேன் சார். அப்பாவுக்கு ஒரு கடிதம், எனக்கு ஒரு கடிதம், இரண்டிலும் சீல் வாங்கியாயிற்று. மொபைல் நம்பரையும் மாற்றிவிட்டேன். அப்பா இரண்டையும் பஞ்சாங்கத்தில் வைத்துவிட்டார்.