ஊரிலிருந்து வரும் நண்பருக்குக் கோல்ஃப் வண்டியைக் கொடுக்கலாமா? காப்பீடு குறித்துச் சந்தேகம் (ஃபுளோரிடா)

வேப்பமரம்:
வணக்கம். ஃபுளோரிடாவில், வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கட்டுப்பாட்டில் உள்ள குடியிருப்பில் இருக்கிறோம். அடுத்த மாதம் என் கல்லூரிக் காலத்து நண்பர் சென்னையிலிருந்து குடும்பத்துடன் வருகிறார். பகலில் நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம். நீச்சல் குளம், வாயிலுக்கு வெளியே இருக்கும் கடை என்று அவர்கள் போய்வர எங்கள் கோல்ஃப் வண்டியைக் கொடுக்க நினைக்கிறேன். வண்டிக்குத் தனிக் காப்பீடு இல்லை. சட்டப்படி தேவையில்லை என்று விற்றவர் சொன்னார். வீட்டுக்கும் காருக்கும் பாலிசி இருக்கிறது. நண்பர் யாரையாவது இடித்துவிட்டால் எந்தப் பாலிசி பணம் கொடுக்கும்? அவருடைய 16 வயது மகன் ஓட்டலாமா? வீட்டுக்கு வந்தவரிடம் சாவியைத் தர மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

திண்ணை:
இதற்குப் போய் இவ்வளவு யோசனையா? அனுமதி பெற்று ஓட்டுபவருக்கும் கார் பாலிசி பொருந்தும். நண்பரிடம் காரைக் கொடுத்தால் எப்படியோ அப்படித்தான் இதுவும். சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போங்கள்.

கோப்பு மூட்டை:
திண்ணை அவர்களே, அந்த நிம்மதி முதல் விபத்து வரைக்கும்தான். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். வழக்கமான கார் பாலிசியில், பொதுச் சாலைக்கு வெளியே ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்குக்கே ஒரு விலக்கு இருக்கிறது: பாலிசிதாரருக்குச் சொந்தமில்லாத கோல்ஃப் வண்டி. அதாவது, அமெரிக்காவில் கார் பாலிசி வைத்திருக்கும் ஒருவர் உங்கள் வண்டியை இரவல் வாங்கி ஓட்டினால் அவருடைய பாலிசி அவருக்குக் கைகொடுக்கலாம். உங்கள் வண்டிக்கு உங்கள் கார் பாலிசி கைகொடுக்காது. வேடிக்கைதான், ஆனால் அச்சில் அப்படித்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து வருபவரிடம் இங்குள்ள கார் பாலிசி இருக்காது என்பதால் அந்த வழியும் அடைபட்டது.

வேப்பமரம் ஐயா, விற்றவர் சொன்னது சரி. ஃபுளோரிடாவில் கோல்ஃப் வண்டிக்குப் பதிவும் வேண்டாம், கட்டாயக் காப்பீடும் வேண்டாம். ஆனால் பொறுப்பு உங்களை விடாது. இந்த மாநிலத்தில் 'ஆபத்தான கருவி' என்றொரு கோட்பாடு உண்டு. மோட்டார் வாகனத்தைத் தெரிந்தே இன்னொருவர் கையில் கொடுத்தால், அவர் கவனக்குறைவாக ஓட்டி விளைவிக்கும் சேதத்துக்கு உரிமையாளரும் பொறுப்பு. 1920இல் கார்களுக்கு வந்த இந்தக் கோட்பாடு கோல்ஃப் வண்டிக்கும் பொருந்தும் என்று 1984இல் மெய்ஸ்டர் எதிர் ஃபிஷர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "நான் அலுவலகத்தில் இருந்தேன்" என்ற பதில் எடுபடாது.

மிஞ்சுவது வீட்டுக் காப்பீடு. பரவலாகப் புழங்கும் எச்ஓ-3 படிவம் கோல்ஃப் வண்டிக்கு ஒரு சிறிய கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வண்டி நான்கு பேர் வரை ஏறுவதற்கென வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடும்படி தயாரித்திருக்கவோ பின்னால் மாற்றியிருக்கவோ கூடாது. விபத்து நடக்கும் இடம், உங்கள் வீடு அமைந்துள்ள, சங்கத்துக்கு உட்பட்ட தனியார் குடியிருப்பாக இருக்க வேண்டும். அதற்குள் கோல்ஃப் வண்டி சட்டப்படி ஓடக்கூடிய பொதுச் சாலையும் சேர்த்தி. இதெல்லாம் பொருந்தினால் உங்கள் மீது வரும் வழக்கை அந்தப் பாலிசி பார்த்துக்கொள்ளும். நண்பர் மீது வரும் வழக்கு வேறு கதை. உங்கள் அனுமதியோடு ஓட்டுபவருக்கு அந்தப் படிவம் தரும் பாதுகாப்பு, காப்பீடு செய்த இடத்தின் எல்லைக்குள் மட்டும்தான். உங்கள் வீட்டு வளாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு வீட்டுப் பாலிசி பொதுவாக ஒரு டாலரும் தராது. நிறுவனத்துக்கு நிறுவனம் வாசகம் மாறும். உங்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள்.

மூன்று விவரங்கள் வேண்டும்: வண்டியில் எத்தனை இருக்கைகள்? உச்ச வேகம் என்ன? கடைக்குப் போகும் சாலையில் வேக வரம்புப் பலகை என்ன சொல்கிறது?

வேப்பமரம்:
மிக்க நன்றி ஐயா. நேற்று மாலை சமதளமான சாலையில் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸை வைத்து ஓட்டிப் பார்த்தேன். 23 மைல் காட்டியது. வாங்கும்போதே பழைய வண்டி; முந்தைய உரிமையாளர் வேகத்தைக் கூட்டியிருக்க வேண்டும். நான்கு பேர் அமரும் வண்டியில் பின்பக்கம் பார்த்தபடி இன்னொரு வரிசையையும் அவர் பொருத்தியிருக்கிறார். ஆக, ஆறு பேர். கடைச் சாலையில் 35 என்று பலகை இருக்கிறது. 25க்குக் கீழேதானே, வேகத்தில் தப்பித்தேனா?

கோப்பு மூட்டை:
தப்பவில்லை. 25 என்பது காப்பீட்டுப் படிவத்தின் கணக்கு. மாநிலச் சட்டத்தின் கணக்கு வேறு: 20 மைலுக்கு மேல் ஓட முடியாத வண்டிதான் கோல்ஃப் வண்டி. 20க்கு மேல் 25 வரை போவது குறைவேக வாகனம். அதற்குப் பதிவு, நம்பர் பலகை, சீட் பெல்ட், காப்பீடு, ஓட்டுபவருக்கு உரிமம் எல்லாம் வேண்டும். இப்போது உங்கள் வண்டி இரண்டு பக்கமும் சேராமல் நிற்கிறது. பணிமனையில் கொடுத்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். படிவம் சொல்வது வடிவமைப்பைப் பற்றி என்றாலும், கூடுதல் இருக்கையைக் காட்டி நிறுவனம் கையை விரிக்க முயலும்.

35 சாலைக்கு வண்டியைக் கொண்டுபோகவே கூடாது. 30 மைல் அல்லது அதற்குக் குறைவான வரம்பு கொண்டதாகவும், உள்ளாட்சி கோல்ஃப் வண்டிக்கு அனுமதித்ததாகவும் உள்ள சாலையில்தான் அது ஓடலாம். அதுவும் பொதுவாகச் சூரியன் மறையும் வரைதான்.

16 வயது விஷயம்: 2023 அக்டோபர் 1 முதல், 18 வயது நிரம்பாதவர்கள் பொதுச் சாலையில் இந்த வண்டியை ஓட்டப் பழகுநர் உரிமமோ ஓட்டுநர் உரிமமோ வேண்டும். பெரியவர்களுக்கு அரசு வழங்கிய புகைப்பட அடையாளம் போதும். நண்பர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

ஏரிக்கரை:
பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பின்வரிசையைக் கழற்றச் சொல்லுங்கள், அண்ணா. எங்கள் தெருவில் ஒரு சிறுவன் அப்படி உட்கார்ந்து வந்தான். ஓட்டியவர் வேகத்தைக் குறைக்காமல் இடப்பக்கம் திருப்பினார். கதவும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஓரத்தில் இருந்த பையன் அப்படியே வலப்பக்கமாகச் சரிந்து தார்ச்சாலையில் விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது. கார் ஓட்டிப் பழகியவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள், ஓட்டுவது பொம்மைக் கார் போல இருப்பதால். உங்கள் விருந்தினர்களுக்குப் பயண மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு இங்கே கிடைக்கும் தனிநபர் காயப் பாதுகாப்பை (தவறு யாருடையது என்று பாராமல் மருத்துவச் செலவுக்குப் பணம் தரும் காப்பீடு) கோல்ஃப் வண்டி விபத்தில் எதிர்பார்க்க முடியாது.

திண்ணை:
நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் வண்டியையும் போய்ப் பார்க்க வேண்டும்.

வேப்பமரம்:
எல்லாருக்கும் நன்றி. வேகத்தைக் குறைத்தாயிற்று, பின்வரிசையைக் கழற்றியாயிற்று. கோல்ஃப் வண்டிக்கென்றே தனிப் பாலிசி எடுக்கப் போகிறேன். அனுமதியுடன் ஓட்டும் விருந்தினருக்கும் அது பொருந்தும் என்று ஏஜென்ட் தொலைபேசியில் சொன்னார். பையனுக்கு இங்கே உரிமம் இல்லை, அவன் ஓட்டப்போவதில்லை. கடைக்கு மாலையில் நானே காரில் அழைத்துப்போகிறேன்.

கோப்பு மூட்டை:
நல்லது. தொலைபேசியில் சொன்னதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு உரிமம் உள்ளவர் என்பதையும் அதில் குறிப்பிட்டுக் கேளுங்கள். அம்ப்ரெல்லா பாலிசி (மற்றப் பாலிசிகளின் வரம்பைத் தாண்டும் பொறுப்புக்கான கூடுதல் காப்பீடு) ஏதும் வைத்திருந்தால் இந்த வண்டியை அவர்களுக்கும் தெரிவியுங்கள். அடியில் ஒரு பாலிசி இருந்தால்தான் அது மேலே விரியும்.