தைராய்டு மாத்திரையும் நோய் எதிர்ப்பும்: கவனித்தவற்றைப் பகிருங்கள்

சிகிச்சை தரும் மருத்துவர்:
தைராய்டு அதிகமாகச் சுரப்பதைக் குறைக்கும் கார்பிமசோல், மெதிமசோல் மாத்திரைகளைத் தொடங்குகிறவர்கள் பலர் "எதிர்ப்புச் சக்தி போய்விடுமா?" என்று பயப்படுகிறார்கள். ஸ்டீராய்டு போல இது எல்லோருக்கும் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தல்ல. ஆனால் ஆயிரத்தில் 1 முதல் 5 பேருக்கு, கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் திடீரென அடியோடு குறைந்துவிடும், பெரும்பாலும் முதல் 3 மாதங்களில். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாதீர்கள். அன்றைக்கே பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். பாரசிட்டமால் போட்டு இரண்டு நாள் பார்ப்பதுதான் உயிருக்கு உலை வைக்கிறது. அணுக்கள் சரியாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைத் தொடரலாம்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து:
மொத்த வெள்ளணு எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். மொத்தம் 3,200, நியூட்ரோபில் 10 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தால் பெருக்கிப் பாருங்கள்: மைக்ரோலிட்டருக்கு வெறும் 320. 500க்குக் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரிதான். மாத்திரை தொடங்கும் முன்பே ஒருமுறை எண்ணி வைப்பது ரொம்ப உதவும். தைராய்டை அதிகம் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயே சிலருக்கு இந்த அணுக்களை லேசாகக் குறைத்திருக்கும். பிறகு பழி மாத்திரை மேல் விழும். போன மாதம் சரியாக இருந்ததே என்றும் நம்பி இருக்க முடியாது, சில நாட்களிலேயே சரிந்துவிடும்.

மருந்தாளுநர்:
இப்படி நியூட்ரோபில் ஒருமுறை அடியோடு குறைந்தவருக்குப் புரொபைல்தயோயூராசிலை மாற்றித் தரக் கூடாது, அதுவும் அதே வகை மருந்து. வெறும் அரிப்பு, தடிப்பு என்றால் அலர்ஜி மாத்திரையோடு சமாளிக்கலாம். புரொபைல்தயோயூராசிலை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு மூட்டு வலி, காலில் சிவப்புப் புள்ளிகள், சிறுநீரில் ரத்தம் என்று வந்தால் ரத்தக்குழாய் அழற்சியா என்று பார்க்க வேண்டும்.

மீண்டும் மருத்துவர்:
நல்ல மாற்றமும் உண்டு. சிகிச்சை தொடரத் தொடர, கிரேவ்ஸ் நோயில் உடலே உண்டாக்கி, தைராய்டைத் தூண்டும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) பலருக்குக் குறைகிறது. அதனால்தான் 12 முதல் 18 மாதம் வரை மாத்திரை. தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்எச் மட்டும் பல மாதம் எழும்பாமலே கிடக்கும். அதைப் பார்த்து மாத்திரை அளவைக் கூட்டாமல், தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 பாருங்கள். நிறுத்தும் முன் ஆன்டிபாடியை அளந்தே ஆக வேண்டும். இன்னும் உயர்ந்திருந்தால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம், புகைப்பவர்களுக்கு இன்னும் கூடுதல். சிறிய அளவில் மாத்திரையைத் தொடரலாம். இல்லையென்றால் ரேடியோ அயோடின் (சுரப்பியைச் சுருக்கும் கதிரியக்க மருந்து) அல்லது அறுவை சிகிச்சை. சுரப்பியை எடுத்த பிறகும் ஆன்டிபாடி ரத்தத்தில் தங்கலாம், நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்கும் போகும். கர்ப்பம் தரித்தால் பழைய கிரேவ்ஸ் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.