முதல் தட்டில் வெடிக்காத கேப்பு: நாட்டுத் துப்பாக்கி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நாகலூர்க்காரன்:
வணக்கம்ங்க. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு நாலரை ஏக்கர் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. தாத்தா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு என் பெயருக்கு மாறியது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரகம். குழலின் பின்புறம் நிப்பிள் என்று துளையுள்ள ஒரு சின்ன முளை. அதன் மேல் கேப்பு என்கிற சின்ன உலோக மூடியை மாட்டி, குதிரை (சுத்தி) அதைத் தட்டினால் கேப்பு வெடித்து உள்ளே மருந்து பிடிக்கும். காபிக்குள் வரும் காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு இல்லை. ரவை போடாமல் கரிமருந்து மட்டும் கெட்டித்து ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடிவிடும். இரண்டு நாளில் திரும்பி வரும், அது வேறு கதை.

இப்போது அந்தச் சத்தமே வருவதில்லை. குதிரையை இழுத்து விட்டால் 'டிக்' என்று ஒரு தட்டு. கேப்பு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மறுபடி இழுத்து விட்டால் வெடிக்கிறது. போன ஐப்பசியில் பத்துக்கு ஆறு இப்படி. மூடுபனியில் கேப்பு நமத்துப்போகிறது என்று அம்மா சொன்னதால், ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் பார்த்தேன். அப்படியும் அதே கதைதான்.

வைத்திருப்பது 11ஆம் நம்பர் அளவு கேப்பு. மேக்னம் என்று காரம் கூடின கேப்பு இருக்கிறதாமே, அது வாங்கலாமா?

ஐந்துரோடு பையன்:
மேக்னம் வாங்குங்க அண்ணா. தீப்பொறி பெரிசா வரும். பிரச்சினை முடிஞ்சுது.

அஸ்தம்பட்டி ஆர்மரர்:
முடியாது தம்பி. பணம்தான் போகும்.

நான் ஆயுதப்படையில் துப்பாக்கி பழுது பார்த்தே தலை நரைத்தவன். நாகலூர் தம்பி ஒரு வரியில் நோயைச் சொல்லிவிட்டார், அவருக்கே தெரியவில்லை. முதல் தட்டில் 'டிக்', இரண்டாவதில் வெடி. கேப்பு நமத்திருந்தால் இரண்டாவது தட்டிலும் பேசாமல் இருந்திருக்கும். இங்கே கேப்பு நிப்பிளில் கடைசிவரை இறங்கவில்லை. முதல் அடியின் விசை அதைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிறது. அடியில் முட்டி உட்கார்ந்த பிறகு விழுகிற அடிதான் கேப்புக்குள்ளே இருக்கிற மருந்தை நசுக்கும்.

கேப்பே வெடிக்காதது ஒரு நோய். கேப்பு வெடித்தும் குழலுக்குள் மருந்து பிடிக்காதது வேறு நோய். பின்னது நிப்பிள் துளையிலோ அதற்கு அடியில் போகும் வழியிலோ எண்ணெயோ கரியோ அடைத்திருப்பதால் வருவது. அதற்கும்கூட மேக்னத்துக்கு முன்னால் சுடுதண்ணீரும் மெல்லிய கம்பியும்தான் வைத்தியம். கரிமருந்து சீக்கிரம் தீப்பிடிக்கிற சாமான். வழி சுத்தமாக இருந்தால் சாதாரண கேப்பே போதும். மருந்து போடுவதற்கு முன் வெறும் குழலில் ஒரு கேப்பை வெடித்து, வாய்க்கு முன்னால் கிடக்கிற காய்ந்த புல் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் வழி திறந்திருக்கிறது.

இனி அளவு. 10, 11 நம்பர் கேப்பெல்லாம் உள்வாய் 4 மில்லிமீட்டர் சொச்சம். மஸ்கட் கேப்பு, தொப்பி மாதிரி விளிம்பு விரிந்தது, சுமார் 6. (1857இல் சிப்பாய்கள் கொழுப்புத் தடவிய தோட்டாவுக்காகக் கொதித்தார்களே, அந்த 1853 மாடல் என்ஃபீல்டுக்குப் போட்டது இந்தத் தொப்பிக் கேப்புதான்.) 11 என்று போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி மயிரிழை வித்தியாசம் உண்டு. ஜெர்மன் கம்பெனி ஆர்.டபிள்யூ.எஸ். 11 என்று போடாமல் 1075 என்று போடும். ஆகவே டப்பாவில் உள்ள எண்ணை நம்பாமல் உங்கள் நிப்பிளிடம் கேளுங்கள். விரலால் வைத்தால் சுகமாக இறங்கி அடியில் நிற்க வேண்டும். குழலைக் கவிழ்த்தால் விழக்கூடாது. விழுகிற கேப்பும் ஆபத்து, பாதியில் நிற்கிற கேப்பும் தொல்லை.

ஆனால் இத்தனை நாள் சரியாக வெடித்த துப்பாக்கி என்றால் எனக்குச் சந்தேகம் நிப்பிள் மேல்தான். தலை நசுங்கிக் காளான் மாதிரி விரிந்திருக்கிறதா, வெளிச்சத்தில் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
அந்தப் பரணை யாரும் கேட்கவில்லையே! கேப்புக்குள் இருப்பது அடித்தால் வெடிக்கிற மருந்து. அதை அடுப்புக்கு மேலே, அதுவும் கண்ணாடி பாட்டிலில்! இன்றைக்கே இறக்குங்கள். வந்த டப்பாவிலேயே வைத்து, கரிமருந்திலிருந்து தள்ளி, பூட்டுப் போட்ட இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று. நிப்பிள்தானே என்று லேத் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். துப்பாக்கி பழுது பார்க்கிறவருக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும், ஆயுதச் சட்டம் அது.

அஸ்தம்பட்டி ஆர்மரர்:
நல்லது சொன்னீர்கள். நானும் ஒன்று விட்டுவிட்டேன். மருந்து போட்ட துப்பாக்கி 'டிக்' என்றால் உடனே மறுபடி இழுக்கக் கூடாது. குழலை ஆள் இல்லாத பக்கமே நீட்டிப் பிடித்து ஒரு நிமிஷம் முழுதாக எண்ணுங்கள். சில நேரம் உள்ளே நெருப்பு நின்று நின்று வரும். கேப்புச் சில்லு தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். உட்காராத கேப்பை இரும்பால் தட்டி இறக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சிலருக்கு விரல் நுனி இல்லை.

நாகலூர்க்காரன்:
பத்து நாளாகிவிட்டது, மன்னிக்கவும். மிளகு பறிப்பு.

ஐயா சொன்னது அப்படியே. நிப்பிள் தலை ஒரு பக்கம் மடிந்து உதடு மாதிரி விரிந்திருந்தது. சேலத்தில் லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுத்தேன். திருகு மரை அளந்து பார்த்து வேறு நிப்பிள் போட்டார். வாங்கி வந்து வெறும் குழலில் அதே பழைய கேப்பு பத்து வைத்தேன். பத்தும் முதல் தட்டில். புல்லும் அசைந்தது.

தலை எப்படி மடிந்தது என்று அவர் கேட்டார். கேப்பு வைக்காமல் வெறும் நிப்பிளில் குதிரையை அடித்தால் இப்படி ஆகுமாம். வீட்டில் யாராவது அடிப்பார்களா என்றார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆறாம் வகுப்பு லீவு முழுக்க தாத்தா தூங்கும்போது ஆணியிலிருந்து எடுத்து 'டிக் டிக்' என்று அடித்தது நான்தான்.

பாட்டிலை இறக்கிவிட்டேன்ங்க. அம்மா அதில் இப்போது கடுகு போட்டிருக்கிறார். நன்றாகக் கழுவினேனா என்று தினம் ஒருமுறை கேட்கிறார்.