கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை: என் பழைய காரில் நடந்தது

என் கார் 18 வருடம் ஓடியது, பெட்ரோல் வண்டி. ஆறு மாதம் முன்பு ஒரு காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்) கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் பக்கத்து ரிசர்வ் டேங்கில் அளவு மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. அதுவரை டேங்கை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நம்பியிருந்தேன். ரேடியேட்டருக்குள் கிட்டத்தட்ட 1 லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. (எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும்.)

வண்டி நிற்கிற இடத்தில் அட்டை விரித்துப் பார்த்தேன், காய்ந்தே இருந்தது. காட்டிய முதல் மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்" என்றார். (ஹெட் என்பது எஞ்சினின் மேல் பாகம், அதற்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடுதான் கேஸ்கெட்.) எனக்கு மனது ஒப்பவில்லை. கேஸ்கெட் போனால் வழக்கமாகத் தெரிகிற வெள்ளைப் புகை இல்லை, ஆயிலில் பால் மாதிரிக் கலங்கல் இல்லை. இவை இல்லை என்பதாலேயே கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, அது உண்மை. ஆனால் அதைச் சோதிக்க வழி இருக்கிறதே! ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, அதிலிருக்கும் நீல நிறத் திரவத்தின் வழியாக உள்ளே இருக்கும் காற்றை இழுப்பார்கள். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். வேறொருவரிடம் போய்ச் செய்து பார்த்தேன், நீலம் நீலமாகவே இருந்தது. இந்தச் சோதனை செய்யாமல் யார் சொன்னாலும் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள்.

அப்புறம் நான் செய்ததுதான் உண்மையில் வழி காட்டியது. ஒரு நோட்டில் தினமும் எவ்வளவு ஓட்டினேன், எத்தனை தடவை ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன், எத்தனை மில்லி ஊற்றினேன் என்று எழுதி வந்தேன். மூன்று வாரத்தில் படம் தெளிவாகிவிட்டது. ஒரே நாளில் 400 கிலோமீட்டர் ஓட்டிய அன்று ஏறக்குறைய எதுவுமே குறையவில்லை, பக்கத்தில் பக்கத்தில் போய் வந்து வண்டி அடிக்கடி ஆறிய வாரத்தில்தான் அதிகம் குறைந்திருந்தது. ஓடும்போது போகவில்லை, ஆறும்போதுதான் போகிறது.

பிரஷர் டெஸ்டரை இரவல் வாங்கினேன். ரேடியேட்டர் வாயில் மாட்டி, கையால் காற்றடித்து, முள் நிற்கிறதா என்று பார்க்கிற கருவி. மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு மேல் அடிக்கக் கூடாது, என் மூடியில் 1.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). கருவியை ஆறிய எஞ்சினிலேயே மாட்டி, பிறகு சூடேற்றிப் பார்த்தபோது 1 பாரில் முள் அசையவே இல்லை. முன்பு கராஜில் பார்த்தவர்களும் இப்படிச் சூட்டில் பார்த்துவிட்டுத்தான் "லீக் இல்லை" என்றார்கள். இரவு முழுக்க ஆறவிட்டு, விடியற்காலையில் மறுபடி 1 பார் அடித்தேன். அரை மணி நேரத்தில் 0.6க்கு வந்துவிட்டது.

டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு தேடினேன். எஞ்சினுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், காருக்குள் சூடு தரும் ஹீட்டருக்குப் போகிற ஹோஸ் (ரப்பர் குழாய்) மாட்டியிருக்கும் அலுமினியக் குழாயைச் சுற்றி வெளிறிய பச்சையில் உப்பு பூத்த மாதிரி ஒரு படிவு. கீழே கியர்பாக்ஸ் கூட்டின் மேல் பள்ளத்தில் கொஞ்சம் ஈரம். சொட்டுவது அங்கேயே தேங்கி, அடுத்த ஸ்டார்ட்டில் சூடேறி ஆவியாகிவிடுகிறது, பிறகு எப்படித் தரைக்கு வரும்? சூட்டில் ரப்பர் இளகி, குழாயும் விரிந்து இறுக்கமாக அடைத்துக்கொள்கிறது, ஆறினால் இடைவெளி விழுகிறது. டேங்க் நிரம்பி இருந்ததற்கும் இதுவே காரணம். சூட்டில் விரிந்து டேங்குக்குப் போன கூலன்டை, ஆறும்போது ரேடியேட்டர் திரும்ப உறிஞ்ச வேண்டும், ஆனால் அது இந்த ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டது.

ஹோஸைக் கழற்றினால் குழாயின் மேல்பரப்பு அரித்துக் குழி குழியாக இருந்தது. இதற்கு முன் வைத்திருந்தவர் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். நைசான உப்புத்தாளால் தேய்த்து, புது ஹோஸ், அதை இறுக்கிப் பிடிக்கப் புது கிளாம்ப் போட்டேன், வேலை இவ்வளவுதான். கூலன்டும் சுத்திகரித்த தண்ணீரும் சரிபாதி கலந்து நிரப்பி, வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றினேன். இதற்குப் பொறுமை வேண்டும், உள்ளே காற்று தங்கினால் சரிசெய்த பிறகும் அளவு இறங்கி, இன்னும் லீக் இருக்கிறது என்று தோன்றும்.

லீக் அடைக்கிற பொடி போடலாமா என்று கேட்டால், நான் போட மாட்டேன். ஹீட்டருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களை அது அடைத்துவிடக்கூடும். சிந்திய கூலன்டை உடனே கழுவிவிடுங்கள், இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், அது கடும் விஷம். என் வண்டியில் ஐந்து மாதமாக நோட்டில் எழுதுகிற எண் பூஜ்யம்தான்.