மறு: ‘மின்னஞ்சல் அணுகல் விதிகள்’ – இந்தச் சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

> ஆக்செஸ் என்றால் அணுகல். ‘மின்னஞ்சல் அணுகல் விதிகள்’ என்று போட்டு முடித்துக்கொள்ளலாமே, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. மின்னஞ்சல் சேவைக்கான நம் ஒப்பந்த வரைவின் தமிழாக்கத்தை நேற்றிரவு உட்கார்ந்து முழுதும் படித்தேன். ‘அணுகல்’ ஏழு இடத்தில் வருகிறது. ஓரிடத்தில் பயனர் தன் கணக்குக்குள் நுழைவது, இன்னோரிடத்தில் நிறுவனம் அவருடைய மடலைத் திறந்து வாசிப்பது, வேறோர் இடத்தில் நீதிமன்றமோ வாரிசோ கேட்டால் நகல் எடுத்துக் கொடுப்பது. மூன்றுக்கும் ஒரே சொல். ஆங்கில ஒப்பந்தத்தில் இது ஓடிவிடும், முன்பக்கத்திலேயே வரையறை எழுதி வைத்துவிடுவார்கள். நம் வரைவில் வரையறைப் பகுதியே கிடையாது.

அதைவிட ஒரு சிக்கல். அணுகுதல் என்றால் தமிழில் கிட்டே போவது. கலெக்டரை அணுகினேன் என்றால் போய் மனு கொடுத்தேன் என்றுதான் பொருள், அவர் மேசை இழுப்பறையைக் குடைந்தேன் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ‘நிறுவனம் உங்களை மின்னஞ்சலில் அணுகலாம்’, ‘நிறுவனம் உங்கள் மின்னஞ்சலை அணுகலாம்’ இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வேகமாகப் படிக்கிறவர், ஏதோ விளம்பர மெயில் அனுப்புவார்கள் போல என்று நினைத்துச் சம்மதம் கொடுத்துவிடுவார். அவர் கொடுத்ததோ தன் கடிதத்தைப் படிக்கும் அனுமதி.

இது வெறும் சொல் சண்டை இல்லை, வழக்காகவே வந்திருக்கிறது. ருமேனியாவில் பர்புலெஸ்கு என்பவர் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல, முதலாளி கேட்டுக்கொண்டபடி யாஹூ மெசஞ்சர் என்ற அரட்டைச் சேவையில் ஒரு கணக்குத் திறந்தார். அலுவலகக் கணினியைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது என்று நிறுவன விதி இருந்தது. 2007இல் அவர் தம்முடைய சகோதரரோடும் மணக்கவிருந்த பெண்ணோடும் பேசியதையெல்லாம் அச்செடுத்து முன்னால் வைத்து வேலையை விட்டு நீக்கினார்கள். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2016இல் முதலில் அதில் தவறில்லை என்றது, 2017 செப்டம்பரில் அதன் பேரமர்வு (கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு) 11க்கு 6 என்ற கணக்கில் மாற்றிச் சொன்னது. பயன்படுத்தாதே என்று சொல்லியிருந்தார்கள், ‘நீ எழுதியதை வரிவரியாகப் படிப்போம்’ என்று முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் முக்கியமான புள்ளி. ஆக, தடை வேறு, திறப்பு வேறு. ‘அணுகல் விதி’ என்ற தலைப்பின் கீழ் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

அடுத்து வாரிசு விவகாரம். 2004இல் இராக்கில் இறந்த அமெரிக்கப் படைவீரர் ஜஸ்டின் எல்ஸ்வொர்த்தின் மின்னஞ்சல்களை அவருடைய தந்தை கேட்டார். கணக்கு பிறருக்கு மாற்றத்தக்கதல்ல, இறப்போடு உரிமை முடிகிறது என்ற நிபந்தனையைக் காட்டி யாஹூ மறுத்தது. 2005இல் மிச்சிகன் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு மடல்களை நகலெடுத்துக் கொடுத்தது. அந்தத் தந்தைக்கு உள்ளே நுழையும் உரிமை கிடைக்கவில்லை, கையில் நகல்தான் கிடைத்தது. இதை எப்படி ஐயா ‘அணுகல்’ என்பது?

சரி, என்ன சொல் போடலாம்? ‘பிரிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பேச்சில் அதுதான் இயல்பு, ‘என் லெட்டரை யார் பிரிச்சது?’ என்றுதானே வீட்டில் கத்துவோம். எனக்கும் ஆசைதான். ஆனால் தபால் பிரிப்பது என்றால் அஞ்சல் துறையில் ஊர்வாரியாகப் பிரித்துப் போடுவது. அதோடு சட்டத்தில் ‘பிரிவு’ ஏற்கெனவே இருக்கிறது, ‘மடல் பிரிப்புப் பிரிவு’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது.

நான் சொல்வது ‘மடல் திறப்பு’. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் 9ஆம் பிரிவு இடைமறித்தல், திறத்தல், நிறுத்தி வைத்தல் என்று மூன்றையும் தனித்தனிச் செயலாகத்தான் சொல்கிறது. காகிதத்துக்கு இருக்கும் அந்தத் தெளிவு மின்மடலுக்கு மட்டும் எதற்கு இல்லாமல் போக வேண்டும்? பயனர் தானே உள்ளே போவது ‘கணக்கு நுழைவு’. நிறுவனமோ முதலாளியோ உள்ளடக்கத்தைப் படிப்பது ‘மடல் திறப்பு’. மூன்றாமவருக்குக் கொடுப்பது ‘மடல் ஒப்படைப்பு’. பயனர் கையெழுத்திடுவது ‘திறப்பு இசைவு’. ‘ஒப்புதல்’ என்ற சொல் வேண்டாம், அது மேலதிகாரி கோப்பில் கொடுப்பது.

இன்னொன்றும் தேவைப்படும். இறந்தவரின் மின்கணக்குகளுக்காக 2015இல் அமெரிக்காவில் உருவான மாதிரிச் சட்டம், மடலின் உள்ளடக்கத்தையும், யார் யாருக்கு எப்போது அனுப்பினார்கள் என்ற பட்டியலையும் வேறு வேறாக வைக்கிறது. பட்டியலைக் கொடுப்பது எளிது, உள்ளடக்கத்துக்கு இறந்தவர் இசைவு தந்திருக்க வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் நான் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பார்த்தவன். வருகிற உறையையெல்லாம் திறந்து பதிவேட்டில் ஏற்றுவேன், ‘மந்தணம்’ (இரகசியம்) என்று மேலே எழுதியிருந்தால் மட்டும் திறக்காமல், வந்த விவரத்தைக் குறித்துக்கொண்டு அதிகாரி மேசைக்கு அப்படியே போகும். அதே வேறுபாடுதான் இது. அந்தப் பட்டியலுக்கு ‘மடற்பதிவேடு’ என்று வைத்தால் என்னைப் போன்ற பழைய ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம்.

> நான்கு சொல் எதற்கு, ஒப்பந்தம் நீண்டுவிடும்.

நீளட்டும். 2012இல் மைக்ரோசாஃப்ட், தன் மென்பொருளைக் கசியவிட்டவரைப் பிடிக்க, ஒரு வலைப்பதிவரின் ஹாட்மெயிலைத் தானே திறந்து பார்த்தது. 2014இல் விஷயம் வெளியே வந்தபோது எங்கள் சேவை விதிகளில் அதற்கு இடமிருக்கிறது என்றார்கள், எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே இனி நாங்களே திறக்கமாட்டோம், காவல்துறையிடம் விட்டுவிடுவோம் என்று மாற்றிக்கொண்டார்கள். வழவழ சொல்லில் எழுதிய விதி எந்தப் பக்கமும் வளையும்.

தலைப்புக்கு ‘மடல் திறப்பு, ஒப்படைப்பு நிபந்தனைகள்’ என்று வைத்திருக்கிறேன். ‘ஷரத்து’ போடலாம் என்பவர்களுக்கு: பத்திர எழுத்தரிடம் அது செல்லும், கைபேசியில் படிக்கிற பிள்ளைகளிடம் செல்லாது.

பி.கு.: ருமேனிய வழக்கு மடல் பற்றியதே இல்லை, அரட்டை பற்றியது. அதை ‘மடல் திறப்பு’ தாங்குமா என்று எனக்கே ஐயம். ‘செய்தித் திறப்பு’ என்றால் நாளிதழ்தான் கண்ணில் வருகிறது. இதற்கு மட்டும் யாராவது ஒரு சொல் கொடுங்கள், வரைவில் உள்ள அந்த ஏழு இடத்தையும் நான் திருத்தி அனுப்பிவிடுகிறேன்.