சுருள்பாசி, குளோரெல்லா, கோதுமைப்புல், முருங்கைப் பொடி: எதை வாங்குவது?

பச்சைமிளகாய் கேட்டது:

அம்மாவுக்கு 62 வயது. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சமீபத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4. தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் போடுகிறார். சர்க்கரை இல்லை.

சொந்தத்தில் ஒருவர் "பாசி மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் ஊறும், பி12-ம் அதிலேயே கிடைக்கும்" என்று சொல்லிவிட்டார். கடையில் போய் நின்றால் சுருள்பாசி (ஸ்பைருலினா), குளோரெல்லா (இதுவும் ஒரு பாசிதான்), "ப்ளூ கிரீன் ஆல்கே", கோதுமைப்புல் பொடி, முருங்கை மாத்திரை என்று வரிசையாக இருக்கிறது. எல்லா டப்பாவிலும் பச்சை இலை படம்.

1. இவற்றில் எது உருப்படி? 2. லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்? 3. தைராய்டு மாத்திரையோடு சேர்க்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சத்துக்கணக்கு:

பாசி அப்புறம். முதலில் அந்த 10.4-ஐப் பாருங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மாதவிடாய் நின்ற பிறகு ஒருவருக்கு ஹீமோகுளோபின் இறங்கினால் "சத்து போதவில்லை" என்று முடிவுகட்டக் கூடாது. வயிற்றுப்புண், மூலம், குடலில் எங்காவது கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிவது, இவை எல்லாம் காரணமாக இருக்கலாம். ஃபெரிட்டின் (உடலில் சேமித்த இரும்பைக் காட்டும்), பி12, ரத்தச் சிவப்பணுக்களின் பருமன் (ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று இருக்கும்), மருத்துவர் சொன்னால் மலத்தில் மறைந்த ரத்தம். இவற்றைப் பார்க்காமல் பச்சை மாத்திரை வாங்கினால் மூன்று மாதம் வீணாகும், அதுதான் பெரிய நட்டம்.

இப்போது கணக்கு. காய்ந்த சுருள்பாசி 100 கிராமில் புரதம் சுமார் 57 கிராம், இரும்பு சுமார் 28 மி.கி. விளம்பரத்தில் வருவது இந்த எண்கள்தான், பொய் இல்லை. ஆனால் யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. 500 மி.கி. மாத்திரை ஆறு போட்டால் 3 கிராம். அதில் புரதம் 1.7 கிராம், இரும்பு 0.85 மி.கி. ஒரு கைப்பிடி பாசிப்பயறு, 30 கிராம் வைத்துக்கொள்ளுங்கள், 7 கிராம் புரதமும் சுமார் ஒன்றரை மி.கி. இரும்பும் கொடுக்கும். ரத்தசோகைக்கு மருத்துவர் எழுதும் இரும்பு மாத்திரையில் பெரும்பாலும் 60 மி.கி. சுத்த இரும்பு இருக்கும். 0.85 எங்கே, 60 எங்கே.

பி12 கதை இன்னும் மோசம். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12. வேதி அமைப்பில் உண்மையானதைப் போலவே இருக்கும், ஆனால் நம் உடல் அதைப் பயன்படுத்த முடியாது. சில ஆய்வக முறைகள் இரண்டையும் பிரிக்காமல் எண்ணிவிடுவதால்தான் டப்பாவில் பெரிய எண் அச்சாகிறது. முட்டையும் சாப்பிடாத 62 வயதுக்காரருக்குப் பி12 வேண்டுமென்றால் சயனோகோபாலமின் அல்லது மீத்தைல்கோபாலமின் மாத்திரைதான். குளோரெல்லாவில் உண்மையான பி12 இருக்கலாம், ஆனால் ஒரு தயாரிப்புக்கும் அடுத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அதை நம்பி உட்கார முடியாது.

தைராய்டு: மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் உள்ள எதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். பாசியோ முருங்கைப் பொடியோ, மதியச் சாப்பாட்டோடு கொடுத்தால் சிக்கல் இல்லை. உடன் டீ, காபி வேண்டாம், இரும்பைக் கட்டிப்போடும். எலுமிச்சை பிழிந்த ரசமோ நெல்லிக்காயோ நல்லது.

"பாசி என்றால் அயோடின், தைராய்டுக்கு ஆகாது" என்றும் யாராவது வருவார்கள். அது கடல்பாசிக்கு, அதிலும் கெல்ப் என்ற பெரிய பழுப்புக் கடல்பாசி வகைக்குப் பொருந்தும். கெல்ப் ஒரு கிராமிலேயே ஒரு நாளைக்குத் தேவையான 150 மைக்ரோகிராம் அயோடினைப் போல் பல மடங்கு இருக்கக்கூடும். அதை உங்கள் அம்மா தொடக் கூடாது. சோடா உப்புத் தண்ணீரில் தொட்டியில் வளரும் சுருள்பாசியில் அயோடின் மிகக் குறைவு.

---

ஆய்வகமேசை:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். சத்துப் பட்டியலை வைத்து டப்பா தேர்ந்தெடுப்பது தலைகீழ் வேலை. எல்லாக் கம்பெனி சுருள்பாசியிலும் சத்து ஏறக்குறைய ஒன்றுதான். அழுக்கில்தான் வித்தியாசம்.

டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்க வேண்டும், அது 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் சிறு தயாரிப்பாளர் பதிவு. அவர்கள் தளத்திலேயே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த எண் தொழிற்சாலைக்கு உரிமம் உண்டு என்று மட்டும்தான் சொல்கிறது, உள்ளே இருக்கும் பொடியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கு பகுப்பாய்வுச் சான்றிதழ் வேண்டும். மின்னஞ்சலில் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள்.

சான்றிதழ் வந்தால்: அதிலுள்ள தொகுதி எண் (பேட்ச் நம்பர்) உங்கள் டப்பாவின் தொகுதி எண்ணோடு ஒத்துப்போகிறதா? இரண்டு வருடத்துக்கு முந்தைய காகிதத்தையே எல்லோருக்கும் அனுப்புவது சகஜம். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களைச் சரிபார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உண்டா? ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நான்கும் எண்ணாக இருக்கின்றனவா? வெறுமனே "கண்டறியப்படவில்லை" என்று எழுதி, கருவியின் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று போடாவிட்டால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை. எல்லை கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 4 மி.கி. ஈயம் இருந்தாலும் "கண்டறியப்படவில்லை"தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் துணை உணவுக்கு ஈய வரம்பு கிலோவுக்கு 3 மி.கி. வரம்பைத் தொட்டு நிற்கும் பொடியை 3 கிராம் சாப்பிட்டால் தினம் 9 மைக்ரோகிராம் ஈயம் உள்ளே போகும். அமெரிக்க எஃப்.டி.ஏ. (உணவு, மருந்து நிர்வாகம்) குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு உணவு வழியாக வைத்திருக்கும் குறிப்பு அளவு தினம் 8.8 மைக்ரோகிராம், குழந்தைகளுக்கு 2.2. ஆக "வரம்புக்குள்" என்பது போதாது. கிலோவுக்கு 0.5 மி.கி.க்குக் கீழே உள்ளதைத் தேடுங்கள்.

அடுத்தது மைக்ரோசிஸ்டின். கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. சுருள்பாசி இதை உண்டாக்குவதில்லை, தண்ணீரில் கலந்து வளரும் வேறு நீலப்பச்சைப்பாசிகள் உண்டாக்கும். கடையில் பார்த்த "ப்ளூ கிரீன் ஆல்கே" டப்பாவில் அபனிசோமெனான் என்ற பெயர் இருந்தால் அது தொட்டியில் வளர்த்தது அல்ல, பெரும்பாலும் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள கிளமத் ஏரியில் அள்ளியது. இயற்கை ஏரியில் நஞ்சுப்பாசியும் கூடவே வரும். அதனால்தான் அந்த மாநிலம் 1997-இல் கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு நாளைக்குத் தாங்கும் அளவு 2.4 மைக்ரோகிராம். வரம்பிலிருக்கும் பொடியை 3 கிராம் சாப்பிட்டாலே அது தாண்டிவிடும். இந்த வகையை விட்டுவிடுங்கள்.

குளோரெல்லா வாங்குவதானால் "செல்சுவர் உடைக்கப்பட்டது" என்று இருக்க வேண்டும். அதன் சுவர் தடிப்பானது, உடைக்காவிட்டால் உள்ளே இருப்பதில் ஒரு பகுதி செரிக்காமல் அப்படியே வெளியே போகும். சுருள்பாசிக்கு அந்தத் தடித்த சுவர் கிடையாது, அதற்கும் இதை எழுதி விலை ஏற்றுகிறார்கள் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். குளோரெல்லாவில் இன்னொன்று: பதப்படுத்துதல் சரியில்லாவிட்டால் பச்சையம் சிதைந்து பியோபோர்பைடு என்ற பொருள் சேரும். அதைச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் போனால் தோல் சிவந்து வீங்கும். ஜப்பானில் 1977-இல் குளோரெல்லா மாத்திரையால் இது நடந்த பிறகுதான் அங்கே வரம்பு வந்தது. நம்மூர் வெயிலுக்கு இதை நினைவில் வைப்பது நல்லது.

---

தொட்டிக்காரன்:

தயாரிப்புப் பக்கம் இருந்து கொஞ்சம்.

சுருள்பாசி வளரும் தண்ணீர் சோடா உப்புக் கரைசல். கார அளவு (pH) 10 பக்கம் நிற்கும். அந்தக் காரத்தில் மற்றப் பாசிகள் தாக்குப்பிடிக்காது, அதுதான் இதற்குப் பாதுகாப்பு. மழைத் தண்ணீர் விழுந்து காரம் 9-க்குக் கீழே இறங்கினால் கண்டதும் முளைக்கும், புழு வரும். மேலே கூரை இல்லாத தொட்டி, நுண்ணோக்கி இல்லாத பண்ணை என்றால் யோசியுங்கள். சுருள் சுருளாக இருக்கிறதா, நடுவில் உருண்டையாக வேறு ஏதாவது மிதக்கிறதா என்று நுண்ணோக்கியில் தினம் பார்த்தாக வேண்டிய பயிர் இது.

ஈயம் எங்கிருந்து வருகிறது என்றால் பெரும்பாலும் உரத்திலிருந்து. காசு மிச்சம் பிடிக்க வயலுக்குப் போடும் உரத்தைத் தொட்டியில் கொட்டினால் அதிலுள்ள உலோகத்தைப் பாசி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உணவுத்தர உப்புகளா என்று விற்பவரைக் கேளுங்கள், திருதிருவென்று முழித்தால் பதில் தெரிந்துவிட்டது.

அறுவடை துணி வடிகட்டியில். நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து, இடியாப்பம் மாதிரி இழையாகப் பிழிந்து, 60 டிகிரிக்கு மேல் போகாமல் அன்றைக்கே காய வைக்க வேண்டும். சரியாக அலசாவிட்டால் நாக்கில் சோடா உப்பு கரிக்கும். காய மெதுவானால் புளித்து, கெட்ட மீன் வாடை அடிக்கும். சூடு அதிகமானால் நீலம் செத்துப் பழுப்பு கலந்த பச்சையாகிவிடும். நல்ல பொடி கருநீலப் பச்சை, லேசான கடல் வாசம், அவ்வளவுதான்.

வீட்டுச் சோதனை: கண்ணாடி டம்ளர் ஆறின தண்ணீரில் கால் ஸ்பூன் பொடியைத் தூவி, கலக்காமல் சில மணி நேரம் விடுங்கள். மேலிருந்து தெளிந்த நீலம் இறங்கும். அது பைகோசயனின் என்ற நீல நிறமி. அந்த நீலத் தண்ணீரை மட்டும் வடித்து டார்ச் அடித்தால் பக்கவாட்டில் சிவப்பாக மினுங்கும். கொதிக்க வைத்தால் நீலம் போய்விடும். போட்டவுடனே பளிச்சென்று சாயம் இறங்கி, கொதித்தும் போகவில்லை என்றால் அது சாயப்பட்டறை வேலை. நீலமே வரவில்லை என்றால் பழசு, அல்லது வறுபட்டது, அல்லது சுருள்பாசியே அல்ல. உலோகத்தை இந்தச் சோதனை காட்டாது, அதற்கு மேலே ஆய்வகமேசை சொன்ன காகிதம்தான்.

ஒரு எதிர்க்கருத்து. சத்துக்கணக்கு சொன்னது புரதத்துக்கும் இரும்புக்கும் சரி. உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டினை விட்டுவிட்டார். சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம், சி.வி. சேஷாத்ரி அதன் இயக்குநராக இருந்த காலத்தில், குழந்தைகளுக்குத் தினம் 1 கிராம் கொடுத்துப் பார்த்ததே வைட்டமின் ஏ குறைபாட்டுக்காகத்தான். சின்ன அளவிலும் வேலை செய்யும் சத்து அது.

---

சத்துக்கணக்கு:

ஏற்றுக்கொள்கிறேன், தொட்டிக்காரரே. நல்ல சுருள்பாசி 1 கிராமில் 1 முதல் 2 மி.கி. பீட்டா கரோட்டின் இருக்கும். கீரையே கிடைக்காத இடத்தில், கீரை தின்னாத குழந்தைக்கு அது பெரிய விஷயம். ஆனால் முருங்கைக்கீரை 100 கிராமில் சுமார் 17 மி.கி. இருக்கிறது. 50 கிராம் கீரையில், சமைப்பதில் கொஞ்சம் போனாலும், பாசியின் பல கிராம் அடங்கிவிடும். கூடவே இரண்டு மி.கி.க்கு மேல் இரும்பு, 150 மி.கி. கால்சியம். கீரைக்காரம்மா கட்டுக்கு கேட்கும் காசை நினைத்துப் பாருங்கள்.

---

பச்சைமிளகாய்:

எல்லோருக்கும் நன்றி. ஃபெரிட்டின், பி12 இரண்டும் எடுக்கச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டில் ஏற்கெனவே "சூப்பர் கிரீன்ஸ்" என்று ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்பூன் 5 கிராம், 12 பொருள், தனித்தனி அளவு போடவில்லை. பட்டியலில் பார்லிப்புல் முதலில், சுருள்பாசி எட்டாவது. இன்னொன்று, 7 வயதுப் பையனுக்கு சுருள்பாசி கடலைமிட்டாய் கொடுக்கலாமா?

---

ஆய்வகமேசை:

பொருள்கள் எடை வாரியாக, அதிகமானதிலிருந்து குறைந்தது வரை எழுதப்படும். எட்டாவது இடத்தில் இருப்பது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டவே முடியாது. 5 கிராமில் அதிகபட்சம் 0.6 கிராம், உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். சுருள்பாசி விலைக்கு பார்லிப்புல் வாங்கியிருக்கிறீர்கள். தீங்கில்லை, சட்னியில் போட்டுத் தீர்த்துவிடுங்கள். ஆனால் புல் பொடிகளிலும் குளோரெல்லாவிலும் வைட்டமின் கே அதிகம். வீட்டில் யாராவது வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை போட்டால் இந்தப் பொடியைத் திடீரென்று ஆரம்பிக்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது.

---

சத்துக்கணக்கு:

கடலைமிட்டாயில் எத்தனை சதவீதம் என்று லேபிளைப் பாருங்கள். 1 சதவீதம் என்றால் 20 கிராம் மிட்டாயில் 0.2 கிராம் பாசி. பையன் சாப்பிடுவது கடலையும் வெல்லமும். அது நல்ல தின்பண்டம்தான், பச்சை நிறத்துக்காக இரட்டை விலை கொடுக்க வேண்டாம். மாத்திரையாக, பொடியாகக் குழந்தைக்குக் கொடுப்பதானால் மைக்ரோசிஸ்டின் சான்றிதழ் இல்லாமல் கூடாது. 20 கிலோ எடைக்குத் தாங்கும் அளவு 0.8 மைக்ரோகிராம்தான்.

அம்மா விஷயத்தில் சொல்ல விட்டது: யூரிக் அமிலம் ஏறியிருந்தால் பாசி வேண்டாம், அதன் நியூக்ளிக் அமிலம் அங்கேதான் போய்ச் சேரும். லூபஸ், முடக்குவாதம் மாதிரி தன்னெதிர்ப்பு நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குவது) இருந்தாலும், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுத்தாலும் வேண்டாம். பீனைல்கீட்டோனூரியா (புரதத்தின் ஒரு கூறை உடல் சிதைக்க முடியாத பிறவிக் குறை) உள்ளவர்கள் தொடவே கூடாது. தைராய்டுக் கோளாறும் பல சமயம் தன்னெதிர்ப்பால் வருவதுதான், எனவே பாசி ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வாங்குவதானால் தினம் 1 கிராமில் தொடங்கி, வயிறு ஏற்றுக்கொண்டால் ஒரு வாரம் கழித்து 3 கிராம். அதற்கு மேல் போக இவருக்குக் காரணம் இல்லை.

---

தொட்டிக்காரன்:

டப்பா திறந்த பிறகு அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் முதலில் கரோட்டினைத் தின்னும். கெட்டி மூடி, இருட்டு அலமாரி, உலர்ந்த ஸ்பூன். இரண்டு மூன்று மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள், அரைக் கிலோ பாக்கெட் தள்ளுபடிக்கு மயங்க வேண்டாம். கொதிக்கும் ரசத்தில் போடாமல், இறக்கி ஆறினதும் கலக்குங்கள். மோர்தான் இதற்குத் தோது, வாசம் தெரியாது. பல்லில் பச்சை ஒட்டும், வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.