காஸ்பிளே உடையை அன்றாட உடையாக மாற்றலாமா? ஒரு விவாதம்

ஊசிமுனை:
காஸ்பிளே, அதாவது கதாபாத்திரங்களைப் போல வேடமணியும் பொழுதுபோக்கு. அதன் உடைகளின் நிறத்தையும் வடிவத்தையும் எடுத்துக்கொண்டு, அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஏற்ற உடைகளைத் தைப்பது பற்றி இங்கே பேச விரும்புகிறேன். முழு வேடம் பொருந்தாத இடத்தில் அதன் சாயலை மட்டும் அணிவது தனித் திறமை என்பது என் கருத்து. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களுக்கு 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், சிறப்பு நிகழ்ச்சிகள் நீங்கலாக, வேடமணிந்து வரக்கூடாது. டிஸ்னி கதாபாத்திரங்களின் சாயலைச் சாதாரண உடைகளில் கொண்டுவரும் ‘டிஸ்னிபவுண்ட்’ வழக்கத்தை 2011இல் லெஸ்லி கே தொடங்கிவைத்தார். அது அந்த விதிக்குள் நின்றே பரவியது. நீலச் சட்டை, மஞ்சள் பாவாடை, தலையில் சிவப்புப் பட்டை ஆகிய மூன்றும் எந்தத் துணிக்கடையிலும் கிடைப்பவை. ஒருவர் அவற்றைச் சேர்த்து அணிந்து வந்தால், பார்ப்பவருக்கு ஸ்னோ ஒயிட் நினைவுக்கு வந்துவிடுகிறாள்.

கரைப்பட்டு:
இதை நான் ஏற்கவில்லை. நுரைப் பலகையைச் சூடேற்றி வளைத்துக் கவசம் செய்வது, பொய்முடியை வெட்டிச் சீராக்குவது, கதாபாத்திரம் நிற்பதுபோலவே நிற்கப் பழகுவது ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் காஸ்பிளே. துணி அதில் ஒரு பகுதி மட்டுமே. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, ரசிகை மிர்ட்டில் டக்ளஸ் தம் கையால் தைத்த எதிர்கால உடைகளில் அவரும் சக ரசிகர் ஃபாரஸ்ட் அக்கர்மனும் வந்தார்கள். அவர்கள் அணிந்தது முழு வேடம். ரசிகர்கள் தாமே வெளியிடும் படக்கதைகளுக்கான டோக்கியோவின் காமிக்கெட் விழாவிலோ, வேடத்தோடு வீட்டிலிருந்து வரவும் கூடாது, வேடத்தோடு திரும்பவும் கூடாது. அங்குள்ள உடைமாற்றும் அறையில்தான் அணிய வேண்டும். தெருவுக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள அந்தக் கோடுதான் வேடத்துக்கு மதிப்பைத் தருகிறது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வேடம் போடலாம் என்று அதை அழித்துவிட்டால், மிஞ்சுவது விற்பனைச் சரக்குதான்.

ஊசிமுனை:
காமிக்கெட்டின் விதி முழு வேடத்துக்கு உரியது. பச்சையும் கறுப்புமான கட்டம் போட்ட கழுத்துத்துணியோடு ரயிலேறுபவரை அது தடுப்பதில்லை. மேடைக்கும் தெருவுக்கும் இடையே நீங்கள் சொல்லும் கோடு ஜப்பானிலேயே நெடுங்காலமாகக் கடக்கப்பட்டு வந்திருக்கிறது. ‘டீமன் ஸ்லேயர்’ என்ற ஜப்பானியப் படக்கதையின் நாயகன் தான்ஜிரோ அணியும் அங்கியின் அந்தப் பச்சை, கறுப்புக் கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டில் சானோகாவா இச்சிமட்சு என்ற கபுக்கி (ஜப்பானிய மரபு நாடகம்) நடிகர் அந்தக் கட்ட வடிவம் போட்ட உடையில் எடோ (இன்றைய டோக்கியோ) நகர மேடையில் தோன்றினார். பார்த்த பெண்கள் அதே கட்டத்தைத் தங்கள் கிமோனோக்களில் கேட்கத் தொடங்கினார்கள். இன்றும் அந்தக் கட்டம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கருநீலத்தில் 2020 டோக்கியோ ஒலிம்பிக்கின் சின்னமாகவும் அதுதான் வந்தது. மேடையில் ஒருவர் அணிந்ததைத் தெருவில் பலர் தமதாக்கிக்கொண்டதால்தான் அந்தக் கட்டம் இத்தனை காலம் நிலைத்து, ஒரு கதை நாயகனின் தோள்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

மடிப்பு:
இடையில் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். அந்தக் கதையில் வரும் ஆறு கதாபாத்திரங்களின் உடை வடிவங்களுக்கு வணிக முத்திரை கேட்டு, அதன் பதிப்பகமான ஷுயேஷா 2020இல் விண்ணப்பித்தது. கியூ, ஷினோபு, ரெங்கோக்கு ஆகிய மூவரின் வடிவங்கள் பதிவாயின. தான்ஜிரோவின் கட்டத்தை ஜப்பானியக் காப்புரிமை அலுவலகம் 2021இல் மறுத்துவிட்டது. திரும்பத் திரும்ப வரும் அலங்கார வடிவமாகவே மக்கள் அதைப் பார்ப்பார்கள் என்பது காரணம். நெசுக்கோ, செனிட்சு ஆகியோரின் வடிவங்களும் மறுக்கப்பட்டன. ஆகவே தைத்து விற்க நினைப்பவர்கள் எந்தக் கதாபாத்திரத்தின் துணியைத் தொடுகிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கரைப்பட்டு:
பதிவான கியூவின் அங்கிதான் என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. அதில் ஒரு பாதி வெறும் அரக்குச் சிவப்பு, மறுபாதி கோண வடிவங்கள். முதல் பாதி அவனைக் காக்கப் போய் உயிர்விட்ட அக்காளுடையது. மற்றது இறந்துபோன நண்பனுடையது. இரண்டு சாவுகளைத் தோளில் சுமந்து நிற்பவனின் உடையை ஒரு கைப்பையில் அச்சடித்து மாட்டிக்கொண்டு நடப்பது எனக்கு மனம் ஒப்பாத செயல். முழு வேடம் அணிபவர், குறைந்தது அந்தக் கதையைத் தம் உடலில் ஏற்று நிற்கிறார்.

ஊசிமுனை:
அச்சடித்த கைப்பையை நானும் ஆதரிக்கவில்லை. கியூவின் அங்கிக்கு எடோக் காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான ஜப்பான்) மரபிலேயே வழி இருக்கிறது. ஆடம்பர உடைகளுக்கு அரசு தடை விதித்திருந்த அக்காலத்தில், நகரத்து வணிகர்கள் வெளியே எளிய கறுப்பு அங்கியும் உள்ளே வண்ண ஓவியம் தீட்டிய பட்டு உள்துணியுமாக உடுத்தினார்கள். அரக்குச் சிவப்பில் ஒரு மேலங்கி தைத்து, அந்தக் கோண வடிவத் துணியை உள்துணியாக வைத்தால், கைமடிப்பைத் திருப்பும்போது மட்டும் அது தெரியும். துக்கத்தை உள்ளே வைத்துக்கொள்ளும் அந்தப் பாத்திரத்துக்கு அதைவிடப் பொருத்தமான தையலை நான் அறியேன்.

சாயலை அணிவது எளிது என்று எண்ணுபவர்களுக்காகத் தையல் பற்றியும் சொல்ல வேண்டும். விலை குறைந்த வேட உடைகள் பெரும்பாலும் பாலியஸ்டரில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தவை. சட்டைக் கையை மடித்தால் உட்புறம் வெளுத்துத் தெரியும், வியர்வையும் உள்ளேயே நின்றுவிடும். சரி, பருத்தியில் கட்டம் போட்ட துணி வாங்கலாம் என்றால், சாயமேற்றிய நூலால் நெய்த கட்டத்தில் இரு நிற நூல்கள் குறுக்கிடும் இடத்தில் மூன்றாவதாக ஒரு கலப்பு நிறம் பிறந்துவிடுகிறது. நம் கட்டம் போட்ட கைலியைக் கூர்ந்து பார்த்தாலே இது தெரியும். தான்ஜிரோவின் கட்டத்தில் இரண்டே நிறங்கள், நடுவில் எதுவும் இல்லை. ஆகவே துண்டுகளை ஒட்டுத் தைக்க வேண்டும், அல்லது சாயம் ஊடுருவும்படி தோய்த்த துணியாக இருக்க வேண்டும். பிறகு கட்டத்தின் அளவு: உள்ளங்கை அகலக் கட்டம் வேடமாகவே தெரியும், கட்டைவிரல் அகலத்துக்குக் குறைத்தால் அலுவலகச் சட்டையாகிவிடும். பையும் பக்கத் தையலும் சேருமிடத்தில் கட்டங்கள் பிசகாமல் பொருந்த வேண்டும் என்பதால் துணியும் கூடுதலாகப் பிடிக்கும்.

கரைப்பட்டு:
உள்துணி யோசனையை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. அணிபவருக்கும் கதைக்கும் இடையில் மட்டும் நிற்கும் உடை அது. ஆனால் கட்டைவிரல் அகலக் கட்டத்தை நான் இன்னும் ஏற்கவில்லை. பார்ப்பவர் யாருக்கும் தான்ஜிரோ தெரியாத அளவுக்குக் குறைத்துவிட்டால், அது கதாபாத்திரத்திலிருந்து வந்த உடை என்று எதை வைத்துச் சொல்வது?

ஊசிமுனை:
நிறத்தை வைத்துச் சொல்லலாம். அந்த நீலம் கலந்த பச்சையும் முழுக் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், கதை தெரிந்தவர் கட்டத்தின் அளவைப் பார்ப்பதற்கு முன்பே கண்டுகொள்கிறார். பச்சையை இலைப்பச்சைக்கு மாற்றிவிட்டால் எவ்வளவு பெரிய கட்டம் போட்டாலும் பயனில்லை. அதனால்தான் நான் துணி எடுக்கும்போது நிறத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.